எல்லாத்துக்கும் மூணு: ஒரு முழங்காலும் 113 கிலோமீட்டரும்

அவர் முதல் தடவை வந்தது ஜூலை கடைசியில். ஆடி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் ஃபிசியோதெரபி கிளினிக் இருக்கும் தெருவில் அன்றைக்குக் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி அலறலில் அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்: வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது, ஓடும்போது 7, 8 கிலோமீட்டர் தாண்டினால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "அப்புறம் உடம்பு எப்பவும் அசதியாவே கீது மேடம். அது ஒண்ணும் இல்ல, பிராக்டீஸ்தான்."

அன்றைய என் நோட்டில் "வ. முழங்கால், வெளிப்புறம்" என்று மட்டும் இருக்கிறது. அசதி பற்றி ஒரு எழுத்து இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆள் யார்

வயது 42. காசிமேட்டு மீனவர் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போனவர். இவர் கடலுக்குப் போகவில்லை, மணலிப் பக்கம் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை. அந்த மூன்றாவதை 'சி ஷிப்ட்' என்பார்கள். இரண்டு மாரத்தான் ஓடி முடித்தவர். அந்த ருசியில் டிரையத்லானுக்கு வந்திருக்கிறார்.

அக்டோபர் கடைசியில் கோவா மிராமர் கடற்கரையில் போட்டி. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், ஆக மொத்தம் 113. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதன் இரட்டிப்புதான் முழு தூரம். 1978ல் ஹவாயில் முதன்முதலாக அதை நடத்தியபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவரே அவர்தான். சொல்லும்போது அந்த 12 பேரில் தானும் ஒருவர் மாதிரி முகம்.

வாரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. நீச்சல் பெரும்பாலும் கடலில், அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே. துறைமுகம் வந்ததிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது, வடக்கே கரை அரித்துக்கொண்டே போகிறது. எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது இந்தக் கற்கள்தான். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் வன்னி. கரையில் நின்று பார்த்தே இன்றைக்கு எது என்று சொல்லிவிடுவார். கடலில் அவருக்கு எந்த வலியும் இல்லை. ஆகவே நீச்சலை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்பே எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டிவிட வேண்டும் என்று விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவார். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்த் திரும்பினால் நூறை ஒட்டி வரும்.

முதல் மூன்று வாரம்: நான் பார்த்ததும் பார்க்காததும்

படுக்க வைத்து முழங்காலை 30 டிகிரி மடக்கி, தொடை எலும்பின் வெளிப்பக்க மேட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். அவருடைய கால் விரல்கள் ஐந்தும் உள்ளே சுருண்டுகொண்டன. கை மேசை விளிம்பைப் பிடித்தது. முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"பத்துக்கு எவ்ளோ வலி?"

"மூணு."

இன்னும் அழுத்தினேன். அப்போதும் மூணு. படியிறங்கச் சொன்னேன், மூணு. "நேத்து ராத்திரி?" மூணு. எல்லாத்துக்கும் மூணுதான். சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்டதற்கு, "கடலுக்குப் போற வூட்ல பொறந்தவன் மேடம். நடுக்கடல்ல வலிக்குதுன்னு எவன்கிட்ட போயி சொல்றது?" என்றார்.

முழங்காலில் இருந்தது இலியோடிபியல் பட்டைப் பிரச்சினை. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொடையின் வெளிப்பக்கமாக ஓடும் தடித்த நார்ப்பட்டை அது. பட்டை எலும்பில் உரசுவதால் வலி என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். அதன் அடியில் இருக்கும் கொழுப்புத் திசு நசுங்குவதுதான் காரணம் என்பது இப்போதைய விளக்கம். முழங்கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கும் இடத்தில் நசுங்கல் அதிகம். ஓடுகிறவனின் கால் தரையைத் தொட்ட உடனே வந்து நிற்பதும் அந்தக் கோணத்தில்தான். இந்தப் பட்டை ரப்பர் அல்ல, இழுத்து நீட்ட முடியாது. உருளையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. இவரும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

காரணங்கள் சுலபமாகக் கிடைத்தன. சைக்கிள் பழையது, இவரைவிட உயரமான ஒருவரிடம் வாங்கியது. சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25லிருந்து 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. இவருக்கு 18. ஓட்டத்தில் இன்னொன்று. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக ஓடுவார். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவதால், போகும்போதும் வரும்போதும் அவருடைய வலது கால் தாழ்விலேயே விழுந்தது. இடுப்பின் பக்கத் தசையும் பலவீனம். ஒற்றைக் காலில் படியிறங்கினால் முழங்கால் உள்ளே சாய்ந்தது.

சீட்டை 2 சென்டிமீட்டர் இறக்கினோம். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓட்டத்தை 22 ஆக்கினோம். நிமிடத்துக்கு 158 அடி வைத்துக்கொண்டிருந்தவரை 168க்குக் கொண்டுவந்தோம். அடி குறுகினால் முழங்காலில் விழும் பாரம் குறையும். இடுப்புக்குப் பயிற்சிகள். இரண்டு வாரத்தில் 10 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடினார். எனக்கும் பெருமைதான்.

மூன்றாவது வாரக் கடைசியில் 5 கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிட்டார். சீட் மாறவில்லை, தூரம் ஏறவில்லை, செருப்பு உட்பட ஒன்றும் மாறவில்லை. எனக்குத் தெரியாமல் கூடுதலாக ஓடியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த தடவை அவருடைய மனைவி கூட வந்தார். இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் அந்த அம்மா சொன்னார்.

"யக்கா, மாத்திர போடாம இவுரு சைக்கிள தொடவே மாட்டாரு. உங்ககிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை, ஏப்ரலிலிருந்து, வாரத்தில் நாலைந்து நாள், வெறும் வயிற்றில் டீயோடு. மருந்துக் கடையில் சீட்டில்லாமலே வாங்கியது. முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே இருக்கிறது. ஒலிபெருக்கியின் மேல் பழி போடலாம், ஆனால் கட்டம் காலியாக இருந்தது என் கையெழுத்துக்கு மேலே.

எண்ணை விட்டுவிட்டு

அன்றைக்கே பொது மருத்துவரிடம் அனுப்பினேன். ஹீமோகுளோபின் 12.4. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்பு இந்த அளவு இறங்கியிருந்தால் 'பயிற்சி அதிகம்' என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. ரத்தம் எங்கேயோ கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்த்தார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைச் சவ்வில் சின்னச் சின்னப் புண்கள். குடலில் வேறெதுவும் இல்லை. வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தினார்கள். இரைப்பைக்கு மருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. அவருக்கு இதில் பெரிய தண்டனை அந்த டீதான்.

இந்த மாத்திரைகளால் வயிறு மட்டுமல்ல, சிறுநீரகமும் பாடுபடும். உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்த ஓட்டம் சுருங்கும்போது சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்துவைக்க ஒரு வேதிப்பொருளை நம்பியிருக்கிறது. மாத்திரை தடுப்பது அதைத்தான். சென்னை வெயிலில் நாலு மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறவருக்கு இது எப்படிப்பட்ட கூட்டணி என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, மாத்திரை போயிற்று. வலி மிச்சம். அதைக் கேட்டால் மூணு என்கிறார். இங்கேதான் எண்களைக் கைவிட்டேன். "நம்பர் வாணாம். வார்த்தை சொல்லுங்க. எப்படி வலிக்குது?" என்று கேட்டேன். பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது வாயடைத்து நின்ற ஆள் அரை மணி நேரம் பேசினார்.

கடுக்குது என்றால் தொடை முழுக்க, இரண்டு காலிலும், மாவாட்டின கை மாதிரி. இழுக்குது என்றால் ஒரு பக்கம் மட்டும், கயிறு கட்டினாற்போல். குத்துது என்றால் ஒரு விரல் வைத்துக் காட்டும் இடத்தில். குடையுது என்றால் ராத்திரி படுத்த பிறகு. களைப்புக்கும் அப்படியே. அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "அலுப்புன்னா தூங்குனா போயிடும். அசதின்னா தூங்கி எய்ந்தாலும் இருக்கும். கிறக்கம்னா மாடிப்படி ஏறும்போதே கண்ணு இருட்டும்."

முதல் நாள் அவர் சொன்ன சொல் அசதி. அவருடைய அகராதியில் அதற்குப் பொருள் தூங்கினாலும் போகாதது. நான் அதை அலுப்பு என்று காதில் வாங்கிக்கொண்டேன். பயிற்சி எடுக்கிறவருக்கு அலுப்பு இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன்.

தினமும் இரவு வாட்ஸ்அப்பில் இரண்டே வார்த்தை அனுப்ப வேண்டும், ஒன்று வலிக்கு, ஒன்று களைப்புக்கு. 21 நாள் குரல் பதிவுகளை எழுதிப் பார்த்தேன். அசதி 13 நாள். கிறக்கம் 4 நாள். குத்து 5 நாள், அதில் 4 நாள் சி ஷிப்ட் வாரத்தில். தூரத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் இல்லை. தூக்கத்தோடு ஒட்டிப் பார்த்தால் கோடு போட்டதுபோல இருந்தது. இரவு வேலை முடித்து 6 மணிக்கு வெளியே வந்து, வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவோம் என்று நேரே ஓடப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு படுத்தால் பகல் நேரத் தெருவில் எங்கே தூக்கம்? நாலு மணி நேரம் கிடைத்தால் அதிகம். தூக்கம் குறைந்தால் அதே அளவு அடி கூடுதலாக வலிக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

டிரையத்லான் வீரர்களை வைத்தே டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2013ல் வந்த ஆய்வில் 19 வீரர்களையும் பயிற்சியில்லாத 17 பேரையும் ஒப்பிட்டார்கள். வலி தொடங்கும் புள்ளி இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீரர்கள் கூடுதலாகத் தாங்கினார்கள், வலியைக் கண்டு குறைவாகப் பயந்தார்கள், ஒரு வலி இன்னொரு வலியை அமுக்கும் திறனும் அவர்கள் உடம்பில் அதிகம். இதை மட்டும் படித்தால் நம் ஆள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அதே குழு 2017ல் இன்னொன்று வெளியிட்டது. வீரர்களை மன அழுத்தத்தில் தள்ளிவிட்டுச் சோதித்தபோது அந்தத் திறன் மங்கிப்போனது. இரவெல்லாம் அளவுகளையும் எச்சரிக்கை விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறவருக்கு முழங்கால் ஏன் 5 கிலோமீட்டரிலேயே குத்தியது என்பதற்கு, நான் மாற்றிய சீட்டைவிட இது பொருத்தமான விடை.

மாற்றியவை

சி ஷிப்ட் வாரத்தில் ஓட்டமே கிடையாது. தூங்கி எழுந்து சாயங்காலம் நீச்சல், இடுப்புப் பயிற்சி, அவ்வளவுதான். பகல் தூக்கத்துக்கு மீஞ்சூரில் அக்கா வீட்டுப் பின்னறை. மொத்தப் பயிற்சி எட்டரை மணி நேரமாகக் குறைந்தது, சி ஷிப்ட் வாரத்தில் ஐந்து. இதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் அதிகப் பாடு. இரும்பு மாத்திரை கசப்பைக்கூட விழுங்கினார், இதை விழுங்கவில்லை. "பன்னண்டு மணி நேரம் பண்ணாலே பத்தல, எட்டரையில இன்னா பண்றது?"

சாப்பாடு ஒரு தனிக் கதை. அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை ராத்திரி லேசாக இரண்டு இட்லி, ஞாயிறு 100 கிலோமீட்டர். வழியில் இரண்டு வாழைப்பழமும் பொன்னேரியில் ஒரு டீயும். நாலு மணி நேரத்துக்கு அதில் ஐம்பது, அறுபது கிராம் மாவுச்சத்து தேறும். மணிக்கு 60 கிராம் என்பது இந்தத் தூரத்துக்கு வழக்கமான கணக்கு. அம்மனிடம் நான் குறுக்கே நிற்கவில்லை. நீண்ட சவாரியைச் செவ்வாய்க்கு நகர்த்தினோம். கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழ், அரை மணிக்கு ஒரு தரம் கடலை மிட்டாயோ பழமோ, பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தோம், 1.3 கிலோ குறைந்திருந்தது. அத்தனையும் வியர்வை. அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டாலும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

இன்னொரு பழக்கம் வலியை மறக்கச் சினிமா வசனம் சொல்லிக்கொண்டே ஓடுவது. நேரத்தைத் தள்ள அது உதவும். ஆனால் குத்து தொடங்கியதுகூடத் தெரியாமல் போகும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து விநாடி வசனத்தை நிறுத்திவிட்டு முழங்காலைக் கேளுங்கள், ஒரு வார்த்தை எடுங்கள் என்றேன். கடுப்பு என்றால் வேகம் மாற்ற வேண்டாம். இழுப்பு என்றால் ஒரு நிமிடம் நடை. குத்து என்றால் வீட்டுக்கு ஆட்டோ.

ஒரு செவ்வாய்க்கிழமை

செப்டம்பர் கடைசியில் சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் பயிற்சிக்கு நானும் ஸ்கூட்டரில் கூடப் போனேன். திருவொற்றியூர் தாண்டிக் கடலோரச் சாலை, காலை 8 மணி, அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் கற்கள், இன்னொரு பக்கம் நகராமல் நிற்கும் டிரெய்லர்கள். கிளீனர் பையன் ஒருவன் பல் விளக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தான். கிலோமீட்டருக்கு ஒரு தரம் கத்துவார். "கடுப்பு!" அப்புறம் "கடுப்பு!" 9ல் "இழுப்பு", நடந்தார், மறுபடி ஓடினார். 12ல் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டார். குனிந்து முழங்காலின் வெளிப்பக்கம் ஆள்காட்டி விரலை வைத்தார்.

"குத்துது மேடம்."

இன்னும் 2 கிலோமீட்டர்தான் பாக்கி. முன்பெல்லாம் அந்த இரண்டையும் மாத்திரையால் முடித்திருப்பார். ஸ்கூட்டர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் பேசவில்லை. அடுத்த வாரம் அதே சாலையில் 15 ஓடினார், குத்து இல்லை. போட்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதா என்று அதுவரை எனக்குள் இழுபறிதான். அக்டோபர் முதல் வாரம் ஹீமோகுளோபின் 13.1 வந்தது. போகலாம் என்று மருத்துவரே சொன்னார்.

கோவாவில் 7 மணி 24 நிமிடம். நீச்சல் 41 நிமிடம், சைக்கிள் 3 மணி 38 நிமிடம். ஓட்டம் 2 மணி 51 நிமிடம், தண்ணீர்ப் பந்தல் வந்தால் அத்தனையிலும் நடை. மிச்ச நிமிடங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் போனவை. ஓட்டத்தில் 16க்குப் பிறகு இழுப்பு. குத்து ஒரு தடவையும் இல்லை.

டிசம்பரில் வந்தபோது ஹீமோகுளோபின் 13.6, ஃபெரிட்டின் 34. முழங்காலை அழுத்தினேன், விரல்கள் சுருளவில்லை. அடுத்து முழு தூரம் போகலாமா என்று கேட்கிறார். சி ஷிப்ட் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டு வாருங்கள், பேசலாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

கோவாவுக்குப் போகும்போது பையில் ஒரு அட்டை வலி மாத்திரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், சும்மா ஒரு தைரியத்துக்கு. அதையும் அவர் மனைவிதான் கண்டுபிடித்து என் மேசையில் கொண்டுவந்து போட்டார். பத்தில் ஒன்பது இருந்தது. ஒன்று எங்கே என்று கேட்டேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பல்வலி என்றார்.

"எப்படிப்பட்ட வலியாம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "விண்ணு விண்ணுனு தெறிக்குதுன்னார் மேடம்" என்றார்.